கவுண்டர் பசியோடு எழுந்த ஒயின் ஓட்டல்

போன வாரம் என் தங்கையின் பேரன், நாமக்கல் பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பார் அண்டு ரெஸ்டாரண்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. என்ன தின்கிறோம் என்று தெரியக்கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்களோ என்னவோ! பக்கத்து மேசையில் ஒயின் பாட்டிலைத் திறந்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்காதீர்கள், அந்த வாடையில் ஒரு பெண்ணையே பறிகொடுத்தவன் நான்.

மதுவிலக்கு வருவதற்கு முந்தின காலம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மண்டியில் கணக்குப்பிள்ளை. ஜங்ஷன் பக்கம் சவேரிமுத்து என்பவர் ஓர் ஓட்டல் நடத்தினார். ஒயினும் உண்டு, இங்கிலீஷ் சாப்பாடும் உண்டு. ரயில்வே வெள்ளைக்காரர்கள் குடிப்பதற்குப் போவார்கள். நம்மவர்கள் போய்விட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்வதற்குப் போவார்கள். தட்டு என்னவோ முறம் அகலம், அதில் இருப்பது காக்காய்க்கு வைத்த அளவு. ஒயினா? கஷாயத்தில் சர்க்கரையைக் கொட்டியது போல இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டுவார்கள் பாருங்கள், கண்றாவி.

அப்படிச் சப்புக்கொட்டியவர்களில் முதல் ஆள் என் தாய்மாமன். ஒரு தடவை மதராஸ் போய்வந்ததிலிருந்து அவருக்குக் கையால் சாப்பிடுவது மறந்துபோயிற்று. அப்பா இல்லாத எனக்குக் கல்யாணம் பேச வேண்டியவர் அவர்தான், என் தலையெழுத்து.

சேந்தமங்கலம் தேர்த் திருவிழாவில் பாவாயியைப் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று மனசு அடம்பிடித்தது. தரகர் போய்க் கேட்டதில், மாப்பிள்ளையைப் பார்க்க அவள் அப்பா கவுண்டர் ஒரு நாள் சேலம் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"ஊட்டுக்குக் கூட்டியாங்கடா, கோழி அடிச்சு ஒரு வாய் சோறு போடலாம்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு அக்கா. அவிய பட்டணத்து மாப்ளயப் பாக்கோணும்" என்று மாமன் கவுண்டரையும் என்னையும் நேரே சவேரிமுத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பரிமாற வந்தால் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். கேட்டதும் "போடுங்க" என்பவன் சோற்றுக்கு அலைந்தவன். வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் போடுவார், விருந்தாளி இலையைக் கையால் மறைப்பார், அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் போடுவார். இப்படித்தான் அங்கே மனிதர்கள் வயிறு நிறைந்து எழுவார்கள்.

பட்லர் சூப்போடு வந்து குனிந்தான். கவுண்டர் முறைப்படி, "வேண்டாமுங்க" என்றார்.

"சரிங்க சார்" என்று அவன் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

கட்லெட் வந்தது. "வேண்டாமுங்க." போனது. வறுத்த கோழி வந்தது. அதற்கும் அப்படியே. அது திரும்பிப் போவதைக் கவுண்டர் கதவுவரை பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சாப்பிடுங்க" என்று நான் வாயெடுத்ததும் மாமன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். "வாயத் தொறக்காதடா, பட்டிக்காடுன்னு நெனச்சுக்குவான் பட்லரு" என்று காதைக் கடித்தார். பட்லர் என்ன நினைப்பான் என்ற கவலை அந்த மனுஷனுக்கு! தனக்கு வந்த தட்டையெல்லாம் காலி செய்துவிட்டு, ஒயின் கிளாசை எந்த விரலால் பிடிப்பது என்று கவுண்டருக்குப் பாடம் வேறு நடத்தினார்.

கவுண்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "போறேனுங்க" என்றார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"விருந்தாளிய ஒரு வாய் திங்கச் சொல்லத் தெரியாத ஊட்டுல எம் பொண்ணு என்னத்தத் தின்னு பொழைப்பா?" என்று தரகரிடம் சொல்லிவிட்டாராம். "நாகரிகம் தெரியாதவன்" என்றார் மாமன். நாகரிகமாம், மண்ணாங்கட்டி.

அதே வருஷம் எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. சவேரிமுத்து ஓட்டலைப் பூட்டினார். மாமன் இழவு விழுந்தது போல உட்கார்ந்திருந்தார். எனக்குப் பரம சந்தோஷம்.

அடுத்த தை மாதம் மண்டி வேலையாகச் சேந்தமங்கலம் போனேன். சந்தையில் கவுண்டர் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், இலை போட்டு, தானே பரிமாறினார்.

"அன்னிக்கு வெறும் வயித்தோட பஸ்ஸு ஏறுனவன் சாமி. பசி கண்ணக் கட்டிருச்சு, கோவம் வந்துருச்சு. ஒரு வாய் சோறு உள்ள உளுந்திருந்தா அங்கயே வெத்தல பாக்கு மாத்தியிருப்பேன்" என்றார்.

பாவாயியை வைகாசியிலேயே வாழப்பாடியில் கொடுத்துவிட்டதையும் அவரே சொன்னார். நான் இலையைக் கையால் மறைத்தேன், அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் போட்டார்.

மாமனும் கவுண்டரும் போய் எத்தனையோ காலமாகிறது. அந்த ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதென்று நான் போய்ப் பார்த்ததில்லை. பாவாயியும் போன ஐப்பசியில் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.