வெறுங் கஞ்சி

கோழிக்கோட்டில் ஒரு சாயங்காலம் லாரியை விட்டு இறங்கியபோது, எந்த வீட்டிலிருந்தோ வந்த கஞ்சி வாசனை, வெந்தயமும் பட்டையும் கலந்தது, என்னைச் சங்கரன்கோவில் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பருத்திக் கிட்டங்கியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இப்போது அங்கே கல்யாண மண்டபம்.

எழுபதுகளின் கடைசியில், கண்மாய் உடைந்து வீடு கரைந்துபோன ஏழு குடும்பங்கள் அங்கேதான் கிடந்தோம். ஒழுகிய தகரத்துக்கு மேலே போடத் தென்னங்கிடுகு தந்தது கோவில் தெருத் தறிக்காரர்கள், தண்ணீர் சர்ச் குழாயில், நோன்பு மாதம் பிறந்ததும் சாயங்காலக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து. வாளிக் கைப்பிடி கிறீச்சிடும்போதே நாங்கள் தட்டைத் தூக்கிவிடுவோம்.

நோன்புக் கஞ்சி நோன்பு இருந்தவர்களுக்குத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். நாலாம் நாள் பால் வற்றி, கைக்குழந்தையான தங்கச்சி வீறிட்டு அழுததில், கஞ்சி ஊற்ற வந்த பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, பால் குடுக்கவளுக்கு எங்க ஆளுகள்லயே நோன்பு கட்டாயமில்ல. ஒன்னைய யாரு இருக்கச் சொன்னா?”

“நோன்பு இல்லாம குடிச்சா சாமி பொறுக்குமா பாய்?”

“எந்தச் சாமி?”

அம்மா தங்கச்சியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில், நோன்பில் காய்ந்த உதட்டோடு, பாய் ஒரு தூக்குச்சட்டியுடன் வந்தார்.

“இது வெறுங் கஞ்சி தாயி. குடி.”

மூடியைத் திறந்ததும் கிட்டங்கி முழுக்க அதே வெந்தயமும் பட்டையும் மணந்தது. அம்மா ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு குடித்தாள்.