வரிக்காரர் கேட்டால் பெரியம்மா

என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு. இது செல்லாது என்று சொல்லி, 2012இல் சிதம்பரம் தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் போட்ட கோடு. எழுதியவர் நாங்கள் அங்கே எட்டு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். செல்லாத கடிதத்தை எதற்குச் சுமக்கிறாய் என்று ஒவ்வொரு முறை வீடு மாற்றும்போதும் என் கணவர் கேட்பார். கல்யாணமான பிறகு நான்கு வீடு மாறியாகிவிட்டது. போன வாரம் ஐந்தாவது வீட்டைப் பார்த்தோம். கடலூரில், மகளைச் சேர்க்க நினைக்கும் பள்ளியிலிருந்து இரண்டே தெரு. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அந்த வீட்டுக்கார அம்மாள் குரலைத் தாழ்த்தி, முனிசிபாலிட்டியிலிருந்து யாராவது வந்து கேட்டால் எங்கள் உறவுக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள், வாடகை என்று வாயைத் திறந்தால் வரியை ஏற்றிவிடுவார்கள் என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் பீரோவைத் திறந்து இந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

என் அப்பாவுக்கு வீடு பார்ப்பது ஒரு வியாதி. கடலூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அவரிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்துவிடும். பிள்ளைகள் எந்தப் பள்ளி, வீட்டு வரி எவ்வளவு? கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. அங்கே வரி பேருக்குத்தான். பள்ளிக்கூடமும் பேருக்குத்தான். திருவந்திபுரம் போகும் ரோட்டில், நகராட்சி எல்லை தாண்டி ஒரு வீட்டில் இருந்தோம். பஞ்சாயத்து வரி என்பதால் வாடகை குறைச்சல், ஆனால் மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர். அங்கிருந்து டவுனுக்குள் வந்தோம். பள்ளி நன்றாக இருந்தது, ஆனால் வரி ஏறிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே அந்த வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டு போனார். நான்காம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளி பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் புதுக் கூட்டத்தின் முன்னால் நின்று பெயர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்த அதே பெண் இந்த வருடமும் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை நான் அப்பாவிடம் கேட்டதில்லை. மாதாவிடம் கேட்டிருக்கிறேன், பல தடவை.

2004இல் அப்பா சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவ்வளவுதான், அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் கடலூருக்கு பஸ்ஸில் போய் வந்துகொள்கிறேன், பிள்ளை படிப்பு முக்கியம் என்றார். ஆனால் அந்தப் பள்ளியில் சுற்றுவட்டத் தெருக்களில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் இடம், அதற்கு வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வேண்டும். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. முன்பக்கம் வீட்டுக்கார அம்மாள், பின்பக்கம் இரண்டு அறையும் சமையலறையும் எங்களுக்கு. கணவரை இழந்தவர், மகன் சென்னையில். ஐம்பது வயதிருக்கும். குரல் கணீரென்று இருக்கும், நாங்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனால் அவர் சத்தம் தெருமுனை வரை கேட்கும். வாடகையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவர் கவலையெல்லாம் வேறு. அவர் வீடு சொந்த உபயோகம் என்று நகராட்சியில் பதிவாகியிருந்தது. வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வரி கூடிவிடும். அதனால் பள்ளிக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்திலேயே, என் தங்கை குடும்பம் என்னுடன் வசித்து வருகிறது என்றுதான் எழுதினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் ஐந்தாம் வகுப்பில் எனக்கு இடம் வாங்கினார்கள்.

குடிவந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "பில் கலெக்டரு வந்து கேட்டா நான் உனக்கு யாரு? பெரியம்மா. எங்க, சொல்லு பாப்போம்." நான் சொன்னேன். இன்னொரு தடவை என்றார். சொன்னேன். அப்போதும் என் மேல் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, சாயங்காலம் வந்து மறுபடி கேட்டார். எங்கள் மாதா படத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. வரி வசூலிக்க வரும் பில் கலெக்டரின் சைக்கிள் சந்துக்குள் நுழைந்தால் அம்மா அந்தப் படத்தை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். வீட்டுக்கார அம்மாளின் நெற்றியில் திருநீறு, அவர் தங்கை வீட்டில் மாதாவா என்று சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா? வைத்துவிட்டு அம்மா ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் அவரை நாள் முழுக்கப் பெரியம்மா என்றே கூப்பிட்டேன். பள்ளிக்குப் போகும்போது போய்ட்டு வரேன் பெரியம்மா, வந்ததும் வந்துட்டேன் பெரியம்மா. முதலில் ஒத்திகைதான். எப்போது அது ஒத்திகை இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது. அவர்தான் எனக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவார், அம்மா போட்டால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டே, உங்கப்பன் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியிறான், நீயாவது ஒரு எடத்துல இரு என்பார். என் மனதில் இருந்ததை ஒருவர் வெளியே சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. ஆறாம் வகுப்புத் தொடங்கிய நாளில், போன வருடம் பக்கத்தில் இருந்த அதே பெண் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2006இல் வரிக்காக வீடுகளை மறுபடி அளக்கப் போகிறார்கள் என்று சந்தில் பேச்சு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பில் கலெக்டரோடு புதிதாக ஒரு ஆபீசரும் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார்கள். பெரியம்மா மோர் கலந்து கொண்டுவந்தார். அம்மா மாதா படத்தை ஒளித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். ஆபீசர் மோரை வாங்கிக்கொண்டு, அவ்வளவு அன்பாக, என்னைப் பார்த்து இவங்க உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். பெரியம்மா என்றேன். நாக்கில் தேய்ந்து போயிருந்த வார்த்தை, தயங்கவே இல்லை. அவர் விடவில்லை. "அப்பா கூடப் பொறந்தவங்களா, அம்மா கூடப் பொறந்தவங்களா?"

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அப்பா பக்கம் என்பதுதான் என் பதில். சினிமாவில் யார் பக்கம், சண்டையில் யார் பக்கம், எல்லாவற்றிலும் அப்பா பக்கம். அந்த வீட்டைப் பிடித்ததும் அப்பா. அதே வேகத்தில் சொன்னேன். "அப்பா கூடப் பொறந்தவங்க." ஆபீசர் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அத்தைன்னுல்ல கூப்புடணும் பாப்பா?" என்றார். அவர் நோட்டைத் திறந்து எழுதினார். கையைத் திருப்பிப் பிடித்து எழுதினாலும் எனக்குத் தெரிந்தது, 'வாடகை' என்று எழுதினார். அந்தத் தம்ளரில் பாதி மோர் அப்படியே இருந்தது.

அன்று நான் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. வீடு போய்விடும், வீடு போனால் பள்ளி போய்விடும். அதோடு, பள்ளிக்குக் கொடுத்த கடிதமும் பொய் என்று தெரிந்து டீச்சர் என்னை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார் என்று நானாகவே ஒரு பயத்தைக் கட்டிக்கொண்டேன். வேலையிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாள் பின்பக்கம் வந்தார். கூடுதலாக வரும் வரியை வாடகையில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அலைந்து திரிந்து பிள்ளை படிப்பைக் கெடுக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டார். அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த படத்தை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் வீட்டுக்கார அம்மாள் என் பக்கம் திரும்பினார். "இனிமே பெரியம்மா கிரியம்மா ஒண்ணும் வேணாம். அதான் எழுதிட்டுப் போய்ட்டாங்களே. ஆன்ட்டின்னு கூப்புட்டாப் போதும்." கோபமாகச் சொல்லவில்லை. மோட்டாரை நிறுத்து என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

நான் அவரை ஆன்ட்டி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. ஆறு வருடம், ஒரே வீட்டில், ஒருவரைக் கூப்பிடாமலே பேசுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். தபால் வந்தால் அவர் பார்க்கும் இடத்தில் போய் நிற்பேன். இந்தாங்க என்பேன். சடையை நானே போட்டுக்கொண்டேன், கோணலாக. அவரும் வா என்று கூப்பிடவில்லை. அப்பாவோ ஒரு வருடம்கூடச் சும்மா இருக்கவில்லை. அண்ணாமலைநகர் பக்கம் ஒரு வீடு, கிள்ளை ரோட்டில் ஒரு மனை என்று எதையாவது பார்த்துவிட்டு வருவார். ஆனால் பள்ளி மட்டும் மாறவில்லை. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது வீட்டுக்கார அம்மாள் ஒரு காரியம் செய்தார். கணவரை இழந்தவள் எதிரே வரக் கூடாது என்று, நான் சந்துமுனையைத் தாண்டும் வரை உள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். திறந்தார். பேசாமல் எதிரே நின்றேன். அவருக்கு எரிச்சலா அழுகையா தெரியவில்லை, "டைமாவுது, போ போ" என்றார். போனேன். மீதிப் பரீட்சைகளுக்கெல்லாம் வாசலில் வந்து நின்றார்.

2012இல் கல்லூரி விண்ணப்பத்துக்கு இருப்பிடச் சான்று கேட்டார்கள். தாலுகா ஆபீஸில் வீட்டு வரி ரசீதும், இன்ன உறவில் இத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறார் என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதிய கடிதமும் வேண்டும் என்றார்கள். நான் போய் வழக்கம்போலக் கூப்பிடாமல் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதி, மடித்து, ரசீதோடு கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. கிளார்க்தான் பிரித்தார். ரசீதைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். "ரசீதுல வாடகைன்னு போட்டுருக்கு. இதுல தங்கச்சி மகள்னு எழுதியிருக்காங்க. எதும்மா நெசம்?" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். எட்டு வருடமாக என் தங்கச்சி மகள் என்னுடன் வசித்து வருகிறாள் என்று அவர் குரலைப் போலவே கணீரென்ற கையெழுத்தில் இருந்தது. ஏற வேண்டிய வரி ஏறி ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பொய்யால் அவருக்குக் கால் காசு லாபமில்லை. கிளார்க் பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு, வாடகைதாரர் மகள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

வெயிலில் நடந்தே வந்தேன். அவர் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சந்துமுனையிலிருந்தே கூப்பிட்டேன். "பெரியம்மா, இத ஒத்துக்க மாட்டாங்களாம்." அவர் நிமிரவில்லை. கீரையைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். வேறு தாளில் கிளார்க் கேட்டபடியே எழுதிக் கொடுத்தார். பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அந்த வருடமே அப்பா ஜெயித்துவிட்டார், எனக்குக் கல்லூரி கிடைத்த ஊருக்கு வீட்டை மாற்றினார். பெரியம்மா வீட்டை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. இந்த வேலை, அந்த வீடு என்று தள்ளிப்போட்டதுதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கடிதத்தை மடித்து பீரோவில் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறோம். வேண்டாம், பொய் சொல்லும் வீடு வேண்டாம் என்று கணவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். பள்ளி இரண்டே தெரு. நேற்று மகளுக்குச் சடை போடும்போது, யாராவது கேட்டால் அந்த வீட்டு அம்மாள் உனக்குப் பெரியம்மா என்று சொல்லிக்கொடுத்தேன். சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"அம்மா கூடப் பொறந்தவங்க. மறந்துடாத. என் கூடப் பொறந்தவங்க."