ஆனி மாதத்தில் அளந்த கரை

முழங்கால் தண்ணீரில் சாய்ந்து நின்ற ஒரு சர்வே கல்லை நான் மறக்கவே இல்லை. அதை நட்டவன் நான். நட்ட அன்று அங்கே தண்ணீரே கிடையாது. வெயிலில் காய்ந்த வெள்ளை மணல், செருப்பில்லாமல் நின்றால் பாதம் பொத்துப்போகும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாதக் காலையில் போய்ப் பார்த்தபோது, அலை ஏறும்போது கல் மறைந்தது, இறங்கும்போது தலை தெரிந்தது. சங்கிலி பிடித்து அளப்பதற்காக என்னோடு வரும் செயின்மேன் பக்கத்தில் நின்றார். "நம்ம கல்லுதான் சார்" என்றார். "எனக்குக் கண்ணு தெரியும், வாய மூடிக்கிட்டு இருங்க" என்று அந்த மனிதர்மேல் எரிந்து விழுந்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரிடம்கூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் திருவரங்குளத்துக்காரன். எங்கள் பக்கம் நிலம் என்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். கண்மாய்க்கரை என் தாத்தா காலத்தில் எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தியவன் ஊரில் தலைகாட்ட முடியாது. இந்தப் புத்தியோடுதான் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் சர்வே வேலைக்குச் சேர்ந்தேன். சமஸ்தானத்தில் குளம் உண்டு, காடு உண்டு, பாறை உண்டு, கடல் கிடையாது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு எங்களை மாகாணச் சர்க்கார் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் என்னை அறந்தாங்கிக்குக் கிழக்கே கடலோரத்துக்கு அனுப்பினார்கள். இன்று அந்தக் கரையெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம்தான். அன்று அது தஞ்சாவூர் ஜில்லா. அங்கே ஆபீஸில் இருந்தவர்களுக்கு நான் 'ராஜா வீட்டு சர்வேயர்'. நான் உள்ளே நுழைந்தாலே ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அடக்கிக் காட்டுகிறேன் பார் என்ற வீம்பில் வேலை பார்த்தேன். வயது இருபத்தைந்து, மண்டைக்கனம் அதற்கு மேல்.

கடலை நான் முதலில் பார்த்தது ஓர் ஆனி மாதத்தில். அந்தக் கடலில் ஆனியில் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. நிறைந்த கண்மாய் காற்றில் சிலுசிலுப்பது போலத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். நான் அளக்க வேண்டியது ஒரு சின்னக் குப்பம், பதினோரு வீடு. எல்லாம் பனையோலை வீடுகள், தண்ணீரிலிருந்து நூறு நூற்றைம்பது அடி தள்ளி மணல்மேல் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் தாழம்புதர், அதற்கும் பின்னால் மேடாக ஒரு நிலம், அதில் பூண்டும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லை.

எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்கா அந்தக் குப்பத்தில்தான் இருந்தாள். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். அப்போது 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிட்டேன். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கருவாடு காயப்போட்டு, கூடையில் சுமந்து சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்பாள். கால் விளங்காத மாமனார் ஒருவர் வீட்டில் கட்டிலோடு கிடந்தார், அவரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, நாங்கள் சங்கிலி இழுப்பதை வேடிக்கை பார்ப்பாள். நான்காம் நாள் பின்பக்க மேட்டைக் காலியான புறம்போக்கு என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியபோது குறுக்கே வந்தாள்.

"அது காலி இல்லீங்கய்யா. ஐப்பசியில நாங்க அங்கிட்டு ஏறிக்குவோம். மாசியில திரும்ப இங்கிட்டு எறங்குவோம்."

வீட்டை எப்படித் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். அவள் தன் வீட்டின் கால் ஒன்றைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஒரு சாண்தான் மணலுக்குள் இருந்தது. கூரையைத் தனியாக, சுவர்த் தட்டியைத் தனியாகக் கழற்றி, நாலு பேர் சேர்ந்தால் ஒரு பொழுதுக்குள் ஒரு வீட்டை மேட்டுக்கு ஏற்றிவிடலாமாம். குப்பம் முழுவதும் ஒரே நாளில் ஏறுமாம். முதல் வாடைக்காற்று அடித்ததும் பெரியவர்கள் கூடி நாள் சொல்வார்களாம். நான் சிரித்தேன். பிழைக்கத் தெரியாத ஜனங்கள், ஆழமாகக் குழி தோண்டிக் கால் நட்டால் இந்த அலைச்சல் ஏன் என்று செயின்மேனிடம் சொன்னேன். அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க நிக்கிறது தரை இல்லீங்கய்யா, வந்து கெடக்குற மண்ணு. வாடை அடிச்சா இதையெல்லாம் வாரித் தெக்க கொண்டுபோயிரும். சோழகம் அடிச்சா திரும்பக் கொண்டாந்து போடும். வாசக் கூட்டுறாப்புல, அங்கிட்டு ஒதுக்கும், இங்கிட்டு ஒதுக்கும். ஆனியில வந்து பாத்தா இங்கன மண்ணு இருக்கத்தான் செய்யும்."

சோழகம் என்பது தெற்கிலிருந்து அடிக்கும் காற்று. அவ்வளவையும் காதில் வாங்கினேன். புரியவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே புரிந்தது. ஆனால் 'வருடத்தில் நாலைந்து மாதம் குடியிருப்பு' என்று எழுத என் புத்தகத்தில் கட்டம் இல்லை. மேலே கேட்டால் விளக்க வேண்டும். விளக்கினால், நிலம் நடக்கிறதாம், வீடும் கூடவே நடக்கிறதாம், ராஜா வீட்டு சர்வேயர் சொல்கிறார் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, மணலை வீட்டுமனை என்றும் மேட்டைக் காலி என்றும் எழுதிக் கல் நட்டேன். இதில் அவர்களுக்கு நல்லது செய்துவிட்டதாக ஒரு பெருமை வேறு. "இனிமே இது ஒங்க எடம், யாரும் அசைக்க முடியாது" என்று அவளிடம் சொன்னேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஐப்பசியில் அவர்கள் எப்போதும் போல மேட்டுக்கு ஏறினார்கள், மாசியில் இறங்கினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் எழுத்து அதற்கடுத்த வருடம்தான் வேலையைக் காட்டியது. காலி நிலம் என்று இருந்ததால் உள்ளூர்க்காரர் அல்லாத ஒருவர் சவுக்கு வைக்கக் குத்தகைக்குக் கேட்டார், கிடைத்துவிட்டது. முறைப்படி கேட்டு முறைப்படி வாங்கியவர், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. சுற்றி முள்வேலி போட்டுக் கன்றும் வைத்துவிட்டார். புரட்டாசிக் கடைசியில் அக்காவும் குப்பத்து ஆட்கள் மூன்று பேரும் பஸ் பிடித்து என் ஆபீஸுக்கு வந்தார்கள்.

"காத்து திரும்பப் போவுது அய்யா. ஏற எடமில்ல. நீங்க எழுதுனதுதானே, மாத்தி எழுதிக் குடுங்க" என்றாள்.

மாற்ற முடியாதது இல்லை. தவறாகப் பதிந்துவிட்டேன் என்று மேலே ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் குத்தகையை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதற்கு நான் 'தவறாக' என்ற ஒரு சொல்லை எழுத வேண்டியிருந்தது. சுற்றிலும் மேசைகளில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஒங்களுக்குத்தான் முன்னாலேயே மனை குடுத்தாச்சே, அங்க இருங்க" என்றேன். உட்காரச் சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் தரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கார்த்திகையில் வாடை வலுத்து நாலு நாள் விடாமல் அடித்தது. புயல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, வருடாவருடம் வருகிற காற்றுதான். அந்தக் காற்று வருடாவருடம் எடுக்கிற மணலைத்தான் எடுத்தது. வித்தியாசம் என்னவென்றால் இந்தத் தடவை மணல்மேல் பதினோரு வீடு இருந்தது. முதல் நாள் வாசல், இரண்டாம் நாள் கால்கள், மூன்றாம் நாள் காலையில் வரிசையே இல்லை. மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வேலிக்கருகே போயிருக்கிறார்கள். திறந்துவிட அங்கே ஆள் இல்லை. வேலியோரமாகவே மழையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்திருக்கிறார்கள், பிறகு ஒருவன் அரிவாளால் வேலியை வெட்டிவிட்டான். அவன்மேல் புகார் எழுதப்பட்டது. மாமனார் அந்த மாதம் தாண்டவில்லை.

நான் போய்ப் பார்த்த காலையில் கல் தண்ணீருக்குள் நின்றது. அக்கா வேலிக்கு வெளியே ஈரக் கருவாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்பிட்டீங்களா" என்று வழக்கம்போலக் கேட்டாள். நான் கிட்டே போகவில்லை.

மேலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'தணிக்கை செய்த சமயம் மேற்படி மேட்டு நிலத்தில் குடியிருப்பு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லை பாருங்கள். ஆனி மாதத்தில் அங்கே குடியிருப்பு இல்லைதான். அப்படி ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு முழுநாள் ஆயிற்று. நல்ல எழுத்து என்று என் மேலதிகாரி பாராட்டினார். அடுத்த வருடமே பதவி உயர்வும் வந்தது.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தேன், இலுப்பூர்ப் பக்கம்கூடக் கொஞ்சகாலம். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. கடலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காற்று திரும்பினால் நீரோட்டம் திரும்புவதையும், அலை கரையைச் சாய்வாக வந்து தொட்டுத் தொட்டு மணலை ஓரமாக நகர்த்திக்கொண்டே போவதையும், ஓர் ஊர் இழந்த மண் இன்னோர் ஊர் வாசலில் திட்டாகக் குவிவதையும் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எந்தப் பக்கத்திலும் அவள் என்னிடம் முன்பே சொல்லாதது ஒன்றும் இல்லை. படிக்கப் படிக்க என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி அந்தக் கரைப் பக்கம் வேலையாகப் போனேன். மாசி மாதம். கரை நான் முதலில் பார்த்தது போலவே வெள்ளை மணலோடு கிடந்தது. குப்பத்தில் ஆறு வீடுதான் மிச்சம். மற்றவர்கள் தெற்கே போய்விட்டார்கள். இருந்தவர்கள் வாடைக்காலத்தில் ரோட்டோரமாக ஒண்டிக்கொள்வார்களாம். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. சவுக்க வெட்டிட்டாக. குத்தகையும் முடியுது. மனுக் குடுத்தா மேட்டத் திரும்பத் தருவாகன்னு சொல்றாக. எங்களுக்கு எழுத ஆளில்ல. நடந்தது ஒங்களுக்குத்தான் தெரியும்."

காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை வீடு, எத்தனை தலைமுறை, எந்த மாதம் ஏறுவது, எந்த மாதம் இறங்குவது என்று எல்லாம் சொன்னாள். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மின்ன அளக்க வந்தவுக நாங்க சொல்லியும் கேக்காம, காலின்னு தப்பா எழுதிட்டாகன்னு ஒரு வரி போடுங்க. அது இல்லாட்டி நம்ப மாட்டாக. ஒங்க பேரப் போட வேணாம்" என்றாள்.

என் பேர் வேண்டாம் என்று அவளே சொன்னாள். அப்படியும் என் கை எழுதவில்லை. கோப்பைப் புரட்டினால் யார் அளந்தது என்று தெரியுமே, அந்த வருடம் எனக்கு இன்னொரு பதவி உயர்வு வர இருந்ததே என்று மனசு கணக்குப் போட்டது. பேனாவைச் சும்மா இரண்டு மூன்று தடவை காகிதத்தின்மேல் ஓட்டினேன்.

"ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க, அக்கா கேக்குறேன்" என்றாள். முதல் தடவையாகத் தன்னை எனக்கு அக்கா என்று சொல்லிக்கொண்டாள். படித்துக் காட்டினேன். எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, எழுதாத அந்த வரியையும், காகிதத்தில் இருப்பது போலவே கண்ணை ஓட்டி, வாய் கூசாமல் படித்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கட்டைவிரலில் மையைத் தடவி உருட்டி வைத்தாள். ரேகை கலைந்துவிடுமோ என்று பயந்து இன்னொரு தடவையும் வைத்தாள்.

நாலு மாதத்தில் மனு தள்ளுபடியாகி வந்தது. மேட்டில் முன்பு குடியிருந்ததற்குச் சர்வேப் பதிவில் ஆதாரம் இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அதைப் படித்துச் சொல்லவும் நான்தான் போனேன். வேறு யாராவது படித்துச் சொன்னால், மனுவின் நகலையும் கேட்டு வாங்கிப் படித்துவிடுவார்களோ என்ற பயம். நான் சொன்னதைக் கடலைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தப்ப ஒத்துக்கிட்டு நீங்களே எழுதியும் அவுக கேக்கலையே. ஒங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கும். விடுங்க தம்பி, நீங்க என்ன செய்வீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.