இரண்டு கால்களையும் படமெடுத்தவர்

சிங்கம்புணரியைத் தாண்டி, பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தோடு நானும் மகள் வள்ளியும் ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி ஒலித்தது. காரைக்குடி எலும்பு மருத்துவர் சிகப்பி காலமாகிவிட்டாராம். மாரடைப்பு. என் கண் தானாக வள்ளியின் இடது முழங்காலுக்குப் போனது.

அவரிடம் கை காலைக் காட்டாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு இருப்பது இது.

மூன்றாம் வகுப்பு படிக்கையில் வள்ளி சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள். முழங்காலுக்கு மேல் வீக்கம். டாக்டர் இரண்டு கால்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "அடிபடாத காலுக்கு எதுக்கு மச்சான் படம்?" என்று உடன் வந்த என் மனைவியின் தம்பி முணுமுணுத்தான்.

படங்களை வெளிச்சத்தில் மாட்டினார். இரண்டிலும் முழங்காலுக்கு மேல் குறுக்கே ஒரு கருங்கோடு. "ஐயையோ, ரெண்டு காலும் ஒடஞ்சு போச்சா டாக்டரம்மா?" என்று கத்தியே விட்டேன். அழுதுகொண்டிருந்த வள்ளிகூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்ணே பதறுறீக? அது ஒடஞ்ச கோடு இல்ல. அங்குட்டுதான் புள்ள வளர்றா. அந்த இடம் இன்னும் குருத்தெலும்பு. அது வளர வளர, பின்னாலயே எலும்பா இறுகிக்கிட்டு வரும். குருத்தெலும்பு படத்துல விழாது, அதான் கருப்பாக் கெடக்கு. வளத்தி நின்னா கோடு மறைஞ்சிரும்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு இடது காலைக் காட்டினார். நல்ல காலோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, விரிசல் அந்தக் கோட்டிலேயே ஓடியிருந்தது. எலும்பு கூடிவிடும், ஆனால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றால் ஒரு கால் குட்டையாகிவிடும், அது போகப்போகத்தான் தெரியும் என்றார்.

அறுவைச் சிகிச்சை, கம்பி, மாவுக்கட்டு எல்லாம் ஆனது. கால் தேறினால் வள்ளியைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப்போவதாக நான் வேண்டியிருந்தேன். கட்டுப் பிரித்ததும், வரும் தைப்பூசத்துக்கே போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். பிடி பிடியென்று பிடித்துவிட்டார். "நேந்துக்கிட்டீக, சரி. நடக்கப்போறது அவ காலுல்ல? முருகன் எங்கயும் போயிறமாட்டாரு. கோடு மறையட்டும், நானே அனுப்புறேன்."

அதன்பின் கோடைதோறும் வள்ளியை வெறுங்காலோடு நிற்கவைத்து, இடுப்பெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்துக் குனிந்து பார்ப்பார். அவருக்கு முன்னால் நான் எட்டிப் பார்ப்பேன். "இங்க யாருண்ணே டாக்டரு?" என்பார். ஒரு வருடம் அவள் இடது பக்கம் வைத்த விரல் லேசாக இறங்கியிருந்தது; அந்தக் கால் கொஞ்சம் குட்டை. செருப்புக்குள் ஒரு மெத்தை வைக்கச் சொன்னார். அதற்குமேல் இறங்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் இரண்டு படங்களிலும் கோடு மறைந்திருந்தது. படிப்பு, தேர்வு என்று தள்ளிப்போய் இந்தத் தையில்தான் கிளம்பினோம். டாக்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது வள்ளிக்கு ஒரே நிபந்தனை போட்டார். "எல்லாரும் வெறுங்கால்ல போவாக. நீ செருப்புப் போட்டுத்தான் நடக்கணும். முருகன்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

மர நிழலில் வள்ளியிடம் செய்தியைச் சொன்னேன். திரும்பிப் போய் முகத்தையாவது பார்த்துவிடலாமா என்று கேட்டேன். வள்ளி வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"பாதியில திரும்புனா வைவாகப்பா. அவுக இந்நேரம் முருகன்ட்ட சொல்லியிருப்பாக."

அத்தனை வெறுங்கால்களுக்கு நடுவே செருப்போடு, தாங்காமல் சாயாமல் எனக்கு முன்னே நடந்தாள். டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டு கால்கள்.