தங்கபுஷ்பம் கேட்டு வாங்கிய முதல் வயலின்

தங்கபுஷ்பம் துபாய்க்கு நர்ஸாக வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைத் தமிழ் ஆராதனையில் வயலின் என்றால் அவள்தான். 2006இல் அவளுடைய கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தே ஜினி வந்து சேர்ந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. போதாக்குறைக்கு அவளிடமும் ஒரு வயலின். முதல் வாரமே ஜினி வாசித்தபோது சபையில் தலைகள் திரும்பின. தங்கபுஷ்பத்தை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

பாடகர் குழுவை நடத்திய ஜெயசீலனுக்கோ தலைகால் புரியவில்லை. ஐரோப்பிய இசைமேதை பாக் இரண்டு வயலின்களுக்கு எழுதிய கான்செர்ட்டோ என்ற இசைப்படைப்பின் மெதுவான நடுப்பகுதியைக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வாசிக்கலாம் என்றார். அதன் கதையையும் சொன்னார். ஒரு பிரபுவின் அரண்மனையில் வேலை பார்த்தபோது எழுதினாரா, பிறகு லைப்சிக் நகரத்துக் காப்பிக் கடைக் கச்சேரிகளுக்காக எழுதினாரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் முடிவில்லையாம். “எங்க எழுதினா என்ன, ரெண்டு பேருக்கும் சரிசமமா எழுதியிருக்காரு” என்று முடித்தார்.

அது தங்கபுஷ்பத்தின் காதில் ஏறவில்லை. முதல் வயலின் தனக்குத்தான் என்றாள்.

“எடுத்துக்கிடுங்கக்கா” என்றாள் ஜினி.

ஒத்திகையில்தான் தெரிந்தது, ஆரம்பிப்பது இரண்டாம் வயலின். ஜினி அந்த மெட்டைத் தனியே இழுத்து எல்லோரையும் கட்டிப்போட்ட பிறகுதான் முதல் வயலின் அதே மெட்டோடு பின்னால் நுழைய வேண்டும். தெரிந்தேதான் விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று தங்கபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது.

வார்டில் டூட்டி போடுவது அவள் பொறுப்பு. நிகழ்ச்சியன்று ஜினிக்கு மாலை டூட்டி போட்டாள். ஜினி வந்து கேட்டபோது வேறு ஆள் இல்லை என்றாள்.

ஆரம்பம் வயலினில்தான் வர வேண்டும் என்று ஜெயசீலன் சொல்ல, தங்கபுஷ்பம் இரண்டாம் வயலினை எடுத்தாள். முதல் வயலினை ஜெயசீலன் கீபோர்டில் வாசித்தார். ஆசைப்பட்ட ஆரம்பம் இப்போது அவளுடையது. நன்றாகவே ஆரம்பித்தாள். ஆனால் அவள் நீட்டிப் பிடித்த சுரத்தின் மேல் இன்னொரு வயலின் எழும்ப வேண்டிய இடங்களில் கீபோர்டின் சுரங்கள் நீளாமல் கட்டை கட்டையாக விழுந்தன. சபை கைதட்டியது. அவள் டாக்சி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“வேணும்னுதான் ஒனக்கு டூட்டி போட்டேன்” என்றாள்.

“தெரியும்க்கா.” ஜினி நோயாளிக்கு மருந்து கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் வார்டில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஜினி ஒத்திகைக்கும் வரவில்லை. கடைசியில் தங்கபுஷ்பமே வயலினைத் தூக்கிக்கொண்டு கராமா பகுதியில் இருந்த ஜினியின் ரூமுக்குப் போனாள். நீ இல்லாமல் அந்த இசை கேட்கச் சகிக்கவில்லை என்றாள். ஜினி அவள் கையிலிருந்த வயலினைப் பார்த்தாள். பிறகு, “இனி டூட்டியில வெளையாடப்பிடாது” என்று சொல்லிவிட்டுத் தன் வயலினை எடுத்துவந்தாள்.

ஈஸ்டருக்கு இருவரும் சேர்ந்து அதையே வாசித்தார்கள். முடிந்ததும் ஜெயசீலனின் மனைவி ஓடிவந்து முதலில் பிடித்தது ஜினியின் கையைத்தான். தங்கபுஷ்பத்துக்கு மறுபடியும் நெஞ்சு காந்தியது. அந்தக் காந்தலோடேயே ஜினியிடம் போய், அடுத்த வெள்ளிக்கிழமை என்ன வாசிக்கலாம் என்று கேட்டாள்.