நல்லம்மாளின் எண்ணெய் டின்

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நல்லம்மாள் பதினான்கு வருடம் பிள்ளைக் கொட்டகையின் ஆயாவாக இருந்தார். அதற்கு முன் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். பால் உறையாமல் இருக்க வாளியில் ஊற்றும் அமோனியா பட்டுப் பட்டு இரண்டு கைகளும் வெடித்துவிட்டதால் கொட்டகைக்கு மாற்றினார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "இந்த வேலையும் போனா எனக்குக் கான் வெட்டுதான்" என்று அடிக்கடி சொல்வார். கான் வெட்டு என்றால் எங்கள் லயத்து வீட்டு வரிசைகளின் சாக்கடையில் இறங்கிச் சேறு வாருவது.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடும்போது பதினோரு பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவோம். என் மகள் அம்சாவும் அதில் ஒருத்தி. ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சொரசொரப்பாகச் சிவந்திருக்கும்.

நான் காட்டில் புல் வெட்டுகிறவள். ஒன்பதரைக்குப் பசியாற விடும்போது பிள்ளையைப் பார்க்க வருவேன். அந்த நேரத்தில்தான் நல்லம்மாள் குளிப்பாட்டி முடித்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். தேங்காய் எண்ணெயில் குப்பைமேனியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சியது. பழைய பால் டின்னில் வைத்திருப்பார். பதினோரு பிள்ளைகளுக்கும் அந்த ஒரே டின். கடைசியில் மிச்ச எண்ணெயைத் தன் கைவெடிப்புகளில் தேய்த்துக்கொள்வார். வெடிப்புகளில் மஞ்சளாக நீர் கோத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் வகுப்போடு நின்றவள் நான். என்ன சொல்வது?

1984 மழைக்காலத்தில் அம்சாவின் கழுத்துப் புண்ணெல்லாம் தேன் காய்ந்தது போல் பொருக்குக் கட்டியது. ராத்திரியெல்லாம் சொறிந்தாள்.

"கருவாடு குடுத்தியா? உண்மையைச் சொல்லு" என்றாள் அடுத்த வீட்டு வேலம்மா.

"இல்லக்கா."

"அப்ப நீ தின்னிருப்ப லா. பால் வழியாப் போகாதா? வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள?"

இரண்டு மாதமாக நான் கருவாடு, கத்திரிக்காய், இறால் எதையும் தொட்டதில்லை.

என் வீட்டுக்காரர் சேது எங்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இளவயது டாக்டரம்மா, தமிழ் பேசினார். பொருக்கின் அடியில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி மருந்து ஒரு பாட்டில், பூச ஒரு களிம்பு. பத்து நாளில் தோல் நன்றாக ஆறியது. மறுபடி கொட்டகையில் விட்டேன். மூன்றாவது வாரம் அதே பொருக்கு, முன்பைவிட மோசமாக.

இரண்டாம் முறை போனபோது, சோதனையில் தெரிந்த கிருமியைப் பற்றி டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். "இந்தக் கிருமி நம்ம எல்லார் மூக்குலயும் தோல்லயும் இருக்கலாம். நல்ல தோல்ல சும்மா கெடக்கும். கரப்பான் தோல் உடைஞ்ச வேலி மாதிரி. உள்ள போய்ப் பெருகிடும். பெருகினா அரிப்பு கூடும், சொறிஞ்சா அதுக்கு இன்னும் எடம் கெடைக்கும். சாப்பாட்டுனால வந்தது இல்ல இது." பிறகு கேட்டார்: "புள்ளைய வேற யார் தொடுறாங்க? அவங்களுக்குப் புண் ஏதாவது இருக்கா?"

சேது என்னைப் பார்த்தார். எண்ணெய் டின்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் நல்லம்மாளின் வேலை என் வாயால் போகப்போகிறது என்று தெரிந்தது.

"அவங்க பேர்ல தப்பு சொல்லாதீங்க" என்றார் டாக்டரம்மா. "அவங்க கையிலயும் கரப்பான்தான் இருக்கும். அவங்ககிட்ட இருந்து புள்ளைக்கு வந்துச்சா, புள்ளகிட்ட இருந்து அவங்களுக்குப் போச்சான்னு யாரும் சொல்ல முடியாது. வரச் சொல்லுங்க, மருந்து தரேன்."

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தோட்டத்து டிரஸரிடம் கொடுத்தோம். அவர்தான் எங்களுக்கு மருந்து கொடுப்பவர். மறுநாளே கொட்டகைக்குப் போய் டின்னைக் கானில் கவிழ்த்தார். நல்லம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் நல்லதுன்னுதானே தடவினேன், ஐயா."

"கை ஆறுற வரைக்கும் புள்ளைங்கள தொடாத."

தற்காலிகமாக வேறொரு பெண் வந்தாள். நல்லம்மாளைக் கான் வெட்டுக்குப் போட்டார்கள். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை. மாத்திரை சாப்பிட்டார், டாக்டரம்மா கொடுத்த ஊதாத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கையை நனைத்தார், கைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு கானில் இறங்கினார். ஆறு வாரத்தில் கைகள் ஆறின. ஆறிவிட்டன என்று டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கி வந்து என்னிடம் காட்டினார்.

"கிராணிகிட்ட நான் போனா எரிஞ்சு விழுவாரு. நீ ஒரு வார்த்த சொல்றியா? ஒன் புள்ளைக்குத்தானே வந்துச்சு. நீ சொன்னா கேப்பாரு."

அதுவரை நான் ஆபீஸ் படி ஏறியதில்லை. ஆபீஸில் ஆட்களுக்கு வேலை பிரித்துப் போடும் தங்கராஜு கிராணி காகிதத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"கை ஆறிடுச்சு, சரி. கான் தண்ணியில நின்னா திரும்ப வெடிக்கும், அதுவும் சரி. அதனால கொட்டகைக்கே விடணும்ங்கிற?"

"ஆமாங்கையா. ஆளுக்கொரு போத்தல்ல எண்ணெய் குடுத்து விடுறோம்."

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நாளைக்குக் காலையில ஒன் புள்ளைய அவ கையில குடுப்பியா?"

அம்சாவின் கழுத்து என் கண்ணுக்குள் வந்தது. ராத்திரி விரலெல்லாம் ரத்தமாக அவள் அழுத அழுகை வந்தது. கொடுப்பேன் என்று சொல்லத்தான் போனேன். வார்த்தை வர நேரமானது.

"பாத்தியா" என்றார் கிராணி. "நீயே யோசிக்கிற. மத்த பொம்பளைங்க என்ன சொல்லுவாங்க?" காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

நல்லம்மாள் கான் ஓரம் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "என்ன சொன்னாரு?"

"யோசிச்சுச் சொல்றேன்னாரு, அக்கா."

அவர் முகம் தெளிந்தது. அன்று சாயந்திரம் நகங்களை ஒட்ட வெட்டினார். கொட்டகையில் விரிப்பதற்கென்று வீட்டில் வைத்திருந்த துணிகளையெல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசிக் கொடியில் காயப் போட்டார். என் வீட்டு வாசலிலிருந்து அது தெரிந்தது. நான் உள்ளே போய் விளக்கைக் கூட ஏற்றாமல் உட்கார்ந்தேன்.

புதிய ஆயாவின் பெயரைப் பெரட்டில் நிரந்தரமாக எழுதிக் கூப்பிட்டபோது நல்லம்மாளுக்கு உண்மை தெரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை. பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி, நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு கானை நோக்கி நடந்தார்.