தண்ணீர் குடிக்காத நாட்கள்

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. மழை நின்ற பிறகு, வடக்கே இந்த முனிர்காவில் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். சிக்குன்குனியா என்றார்கள். மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் எழுந்தேன். வலி மட்டும் போகாமல் என்னோடு தங்கிவிட்டது.

காலையில் கண் விழித்தால் விரல் மடங்காது. கணுக்கால் வீங்கியிருக்கும், பாதத்தைத் தரையில் வைத்தால் ஜல்லியில் நிற்பதுபோல இருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த அடி. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். மத்தியானம் பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே இருக்க" என்பார்கள். விடியற்காலையில் வந்து பாருங்கள் என்று யாரைக் கூப்பிடுவது?

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலுப்புதான் ஆளைத் தின்கிறது. ஒரு குக்கரைத் துலக்கி வைத்தால் கல்யாண வீட்டுப் பாத்திரம் முழுக்கத் துலக்கியதுபோல உட்கார்ந்துவிடுகிறேன்.

இதெல்லாம் எழுதிவிடலாம். எழுதக் கூச்சமாக இருப்பது வேறு. என்னால் குந்தி உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

நான் இருக்கும் மாடியில் நாலு அறைக்கும் ஒரே கக்கூஸ், குந்துகிற கக்கூஸ். கதவுக்குத் தாழ் கிடையாது, உள்ளே வாளியை முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுவேன். ஒருநாள் குழாய் சுவரை விட்டு ஆடிப்போயிற்று. பிடி இல்லாமல் அப்படியே கிடந்தேன். வெளியே ஆள் காத்திருந்தார்கள். கூப்பிட வாய் வரவில்லை. பக்கத்து அறைக்காரிதான் சந்தேகப்பட்டு வாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் விழுப்புரம் பக்கத்துக்காரி, கட்டட வேலைக்குப் போகிறவள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"செங்கல்லுக்கு நீ எவ்ளோ தேவலக்கா," என்றாள்.

நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அன்று முழுக்க என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் கடையில் விற்கிறது, வாங்கிக்கொள் என்றும் அவள்தான் சொன்னாள். அதைத் தூக்கிக்கொண்டு, ஆம்பளைகள் பல் துலக்கிக்கொண்டு நிற்கிற வராந்தாவில் நான் நடக்க வேண்டும்.

"நடந்தா இன்னா? மகாராணி சிம்மாசனத்த எடுத்துனு போறான்னு வழி உடட்டும்."

வேண்டாம் என்றுவிட்டேன். அதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலையில் ஒரு வாய்கூடக் கிடையாது. வேலைக்குப் போகிற வீட்டில் டீயும் வேண்டாம் என்றேன்.

வேலை மோதி பாகில், சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்து வீடு. பெருக்கித் துடைத்து, பாத்திரம் துலக்கி, பாத்ரூம் கழுவிவிட்டு வருவேன். அந்த அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். நான் அவரை அம்மா என்பேன், அவரும் என்னை அம்மா என்பார். நான் குந்தித் துடைக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து, கேட்காமலே நீளக் கம்பு வைத்த மாப் வாங்கிப் போட்டவர்.

அந்த வீட்டில் நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ். தினமும் தேய்த்துக் கழுவுகிறவள் நான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று அவர் சொன்னதில்லை, உட்காரட்டுமா என்று நான் கேட்டதுமில்லை. வேலைக்காரர்களுக்குக் காவலாளி கூண்டுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. அதுவும் குந்துகிறதுதான், பிடிக்க வெறும் சுவர்.

"டீ ஏன்ம்மா வேண்டாங்கறீங்க? நான் போட்டா நல்லால்லையா?"

"வயிறு மந்தமா இருக்கும்மா."

"டெய்லியுமா?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் நீர் போகும்போது எரிச்சல் எடுத்து, குளிர் ஜுரமும் வந்தது. டிஸ்பென்சரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "கூப் பானி பீயோ, அம்மாஜி" என்றார். நிறையத் தண்ணீர் குடி என்று. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பக்கத்து அறைக்காரி விடவில்லை. "வேலைய உட்டுட்டு ரூம்லயே கெட. இல்லன்னா அந்த அம்மாகிட்ட வாயத் தொறந்து கேளு. அவங்க இன்னா புலியா?"

"புலியா இருந்தா கேட்டுடுவேன்டி. நல்லவங்களா இருக்காங்களே."

கேட்டு, அவர் முகம் ஒரு மாதிரி சுருங்கிவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது? அதுதான் என் பயம்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, மாத்திரைக்காகக் குடித்த தண்ணீர் பாத்ரூம் கழுவும்போது அடிவயிற்றை முட்டியது. அந்த அம்மா ஆபீஸுக்குக் கிளம்பி, போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "குந்த முடியலம்மா. இதுல ஒரு தரம்…" என்றேன்.

போனைக் கைப்பையில் போட்டார். "போங்கம்மா. இதுக்குப் போய்…" என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். முடிந்ததும் முழங்காலில் கையை ஊன்றினேன், எழுந்துவிட்டேன். அவ்வளவு சுலபம். அழுகை வந்தது. கதவுப் பக்கம் போனால் தாழ்ப்பாள் வரவில்லை. போடும்போது உள்ளங்கையால் தள்ளிவிட்டேன், இழுக்க விரல் வேண்டுமே. குமிழோ பட்டாணி அளவுதான். முந்தானையைச் சுற்றி இழுத்தாலும் அசையவில்லை. மெல்லத் தட்டினேன்.

"என்னம்மா?"

"கை வரலம்மா."

"பதறாதீங்க. ஆராமா, மெதுவா. கீசர் போடறேன், குழாயில சுடுதண்ணி வரும், அதுல கைய காட்டுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

நின்றார். லேட்டாகும் என்று யாரிடமோ போனில் ஹிந்தியில் சொல்வது கேட்டது. விரல் இளகித் தாழ் திறக்க வெகு நேரமானது.

"இனிமே தாழ் போடாதீங்க. சும்மா சாத்திக்கோங்க."

"சும்மா சாத்தினா எனக்கு வராதும்மா."

சிரித்துவிட்டார். "அது சரி. எனக்கும் வராது."

மறுநாள் தாழ்ப்பாள் குமிழில் பழைய துப்பட்டாத் துண்டு ஒன்று வளையமாகக் கட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் கிருமிக்கு அடிக்கிற மருந்து பாட்டில், புதிது. எழுந்ததும் அடித்துத் துடைத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது. இரண்டையும் வைத்தது ஒரே கைதான். முன்பென்றால் இதையே நினைத்து நினைத்து மறுகியிருப்பேன். இப்போது மறுகவும் உடம்பில் தெம்பு இல்லை. அடித்துத் துடைக்கிறேன். மணிக்கட்டை வளையத்தில் விட்டு இழுத்தால் தாழ் திறக்கிறது.

குளிர் வந்துவிட்டது. வலி கூடியிருக்கிறது. விடியற்காலையில் மாடிக் கக்கூஸுக்கு இன்னமும் பக்கத்து அறைக்காரியின் கைதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குத் தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. மற்ற நாளில் மோதி பாக் போனதும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு கையால் பிடிக்க வராது. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் குடிக்கிறேன். சிந்தியதைப் பிறகு மாப்பால் துடைத்துவிடுகிறேன்.